கைபேசியின் புளூடூத் அடுக்கை மாற்றிக் கட்டுதலும் சோதித்தலும்: முழுமையான வழிகாட்டி

அன்ட்ரொய்ட் கைபேசியொன்றில் உள்ள புளூடூத் அடுக்கை (புளூடூத்தை நிர்வகிக்கும் மென்பொருளை) அகற்றி, அதனிடத்தில் லினக்ஸின் புளூஸீ அடுக்கை மூலநிரலிலிருந்து கட்டி, அது நம்பத்தக்கதா என்று சோதிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இதைக் கற்க வந்த மாணவர்கள் தடுமாறிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றே: முதல் நாளே கைபேசியில் ஏற்றிவிட்டு, ஒன்றும் வேலை செய்யாதபோது தவறு எந்தப் படியில் உள்ளதென்று தெரியாமல் நிற்பது. ஆகவே இந்த வழிகாட்டியில் கைபேசியில் ஏற்றுவது மிகவும் பிந்தியே வருகிறது.

1. எதை மாற்றுகிறோம், எதைத் தொடவில்லை

புளூடூத் இரண்டு பாதிகளாக இயங்குகிறது. வானலையைக் கையாளும் கீழ்ப்பாதி சிப்பினுள் உள்ளது; அதைக் கொன்ட்ரோலர் என்கிறோம். இணைப்புகள், சோடி சேர்த்தல், ஒலி, விசைப்பலகை போன்றவற்றை நிர்வகிக்கும் மேற்பாதி கைபேசியின் பிரதான செயலியில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை எச்சிஐ எனப்படும். நாம் மாற்றுவது மேற்பாதியை மட்டுமே. சிப்பினுள் ஓடும் நிரலான ஃபேர்ம்வெயாரையோ ஒலிபரப்பு வலுவையோ தொடுவதில்லை.

அன்ட்ரொய்ட் தன் மேற்பாதி முழுவதையும் பயனர் வெளியில், அதாவது இயங்குதளத்தின் மையநிரலான கேர்னலுக்கு வெளியே, வைத்திருக்கிறது. புளூஸீயோ தன்னைப் பிரித்துக்கொள்கிறது: தரவையும் குரலையும் கடத்தும் எல்2கேப், எஸ்சிஓ, ஆர்எஃப்கொம் ஆகிய நெறிமுறைகளும் சோடி சேர்க்கும் பாதுகாப்பு நெறிமுறையும் (எஸ்எம்பி) கேர்னலுக்குள் உள்ளன, புரொஃபைல்களும் (இசை, விசைப்பலகை போன்ற ஒவ்வொரு பயனுக்குமான விதித்தொகுப்புகள்) சேமிப்பும் புளூடூத்டி என்ற பின்னணி நிரலில் உள்ளன. இதனால்தான் ஒரு நூலகக் கோப்பை மட்டும் மாற்றி அடுக்கை மாற்ற முடியாது. கேர்னலும் ஒத்துழைக்க வேண்டும். பிரதான லினக்ஸ் கேர்னலில் இயங்கக்கூடிய கைபேசியும், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற, கைபேசிகளுக்கான லினக்ஸ் இயங்குதளமும் இவ்வேலைக்கு வசதியானவை என்பதற்கு இதுவே காரணம்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்நாப்டிராகன் 845 செயலியுள்ள ஒன்பிளஸ் 6, போகோ எஃப்1 ஆகிய இரண்டும் பழைய கைபேசிகளாக விலைக்குக் கிடைப்பவை. பிரதான கேர்னலில் இயங்குபவை. இரண்டிலும் புளூடூத்துக்குக் குவல்கொம் சிப்பே உள்ளது. இந்த வழிகாட்டி அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. உங்கள் அன்றாடக் கைபேசியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் கைபேசியைத் தொடக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது அதிலுள்ள தரவு முழுவதும் அழிந்துபோகும்.

லினக்ஸ் உள்ள மடிக்கணினி ஒன்று, யூஎஸ்பி புளூடூத் டொங்கிள் ஒன்று, தரவைக் கடத்தும் நல்ல யூஎஸ்பி வயர் ஒன்று ஆகியவை வேண்டும். சோதனைக்கு எதிர்த்தரப்பாக ஒரு விசைப்பலகை, ஒரு ஒலிபெருக்கி, அழைப்பு எடுக்கக்கூடிய ஒரு காதணிக் கருவி, குறைந்த வலு புளூடூத்தில் இயங்கும் ஏதாவது உணரி என்பன இருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக வாங்காதீர்கள். வெவ்வேறு சிப்புகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதையே நாம் பார்க்க விரும்புகிறோம்.

கேர்னலின் மூலநிரலை முழு வரலாற்றோடு இறக்கினால் பல கிகாபைட் செல்லும். கைபேசி டேட்டாவில் இறக்குபவர்கள் கிட் என்ற மூலநிரல் இறக்கும் கருவியின் கட்டளைக்கு ஆழம் 1 என்று கொடுத்து இறுதி நிலையை மட்டும் எடுத்தால் மாதப் பொதி தப்பும்.

3. பழைய அடுக்கின் பதிவை முதலில் எடுத்தல்

புதியவர்கள் தவறாமல் தாண்டிச் செல்லும் படி இது. பூட்லோடரைத் திறந்த பின்னர் இதைச் செய்ய நினைத்தால், எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

கைபேசியின் டெவலப்பர் தெரிவுகளில் எச்சிஐ ஸ்னூப் பதிவு என்ற தெரிவை இயக்குங்கள். வடிகட்டிய பதிவு, முழுப்பதிவு என்று இரண்டு காட்டினால் முழுப்பதிவைத் தெரியுங்கள். அதன்பின் புளூடூத்தை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். அதுவரை பதிவு தொடங்காது. இப்போது உங்களிடமுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் புதிதாகச் சோடி சேர்த்து, பாட்டு ஒலிக்கவிட்டு, ஓர் அழைப்பை எடுத்து, துண்டித்து, மறுபடி இணையுங்கள். பின்னர் வழு அறிக்கை ஒன்றை உருவாக்கினால் இந்தப் பதிவும் அதற்குள் சேர்ந்து வரும்.

இந்தப் பதிவே பிற்பாடு உங்கள் அளவுகோல். புதிய அடுக்கில் ஒலிபெருக்கி இணைய மறுக்கும்போது, பழைய அடுக்கு அதனோடு எந்த ஒழுங்கில் பேசியது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: சோடி சேர்க்கும்போது உருவாகும் சாவிகள் இந்தப் பதிவில் மறைக்கப்படாமல் இருக்கும். நாளாந்தம் பயன்படுத்தும் சாதனங்களின் பதிவைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

4. மடிக்கணினியில் மூலநிரலைக் கட்டுதல்

முதலில் மடிக்கணினிக்காகவே கட்டுங்கள், கைபேசிக்காக அல்ல. தொகுப்பு வழுக்களையும் அடுக்கின் வழுக்களையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

ஜீலிப், டிபஸ், யூடெவ், ரீட்லைன், லிபிகல் ஆகிய நூலகங்களின் மேம்பாட்டுப் பொதிகள் வேண்டும். கொன்ஃபிகர் செய்யும்போது சோதனைக் கருவிகளைக் கட்டும் 'டெஸ்டிங்' தெரிவையும் வழுநீக்கத் தெரிவையும் இயக்குங்கள். சோதனைக் கருவிகள் இயல்பாகக் கட்டப்படுவதில்லை. இதை மறந்தவர்கள் ஐந்தாம் படிக்கு வந்து கருவியைத் தேடுவார்கள்.

நிறுவுமிடம், அமைப்புக் கோப்பகம், மாறும் தரவின் கோப்பகம் ஆகிய மூன்றையும் உங்கள் லினக்ஸின் வழமைப்படி வெளிப்படையாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புதிய நிரல் ஓரிடத்தில் நிறுவப்படும், பழையது தன்னிடத்திலேயே இருக்கும். கணினி தொடங்கும்போது ஓடுவது பழையதாகவே இருக்கும். நாள் முழுவதும் பழைய அடுக்கையே சோதித்துவிட்டு 'என் திருத்தம் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புளூடூத்டி தொடங்கும்போது தன் பதிப்பு எண்ணைப் பதிவில் எழுதும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

கட்டி முடிந்ததும் மேக் செக் என்ற கட்டளையை ஓட்டுங்கள். இது பயனர் வெளி நூலகங்களின் அலகுச் சோதனைகளை ஓட்டும். வானலையோ சிப்போ தேவையில்லை. இதில் ஒன்று தவறினாலும் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

5. மெய்நிகர் கொன்ட்ரோலரில் சோதித்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். கேர்னலில் விஎச்சிஐ என்ற ட்ரைவர் உண்டு. அதன் வழியாக ஒரு நிரல், தான் ஒரு புளூடூத் சிப்பு என்று கேர்னலை நம்பவைக்கலாம். புளூஸீயோடு வரும் பிடிவேர்ட் என்ற கருவி அதைத்தான் செய்கிறது. இரண்டு மெய்நிகர் கொன்ட்ரோலர்களை உருவாக்கி, ஒன்றை விளம்பரம் (தன் இருப்பை அறிவிக்கும் செய்தி) அனுப்பவும் மற்றதைத் தேடவும் விட்டால், வானலை இல்லாமலேயே முழு உரையாடலும் நடக்கும்.

வரிசை முக்கியம். முதலில் மடிக்கணினியில் ஏற்கெனவே ஓடும் புளூடூத் சேவையை நிறுத்துங்கள், ஏனெனில் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டிபஸ் பாதையில் புளூஸீயின் பெயரை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே வைத்திருக்க முடியும். இரண்டாவதாக, பிடிமொன் என்ற கண்காணிப்புக் கருவியைத் தொடங்கி, கோப்பில் எழுதவிடுங்கள். மூன்றாவதாக மெய்நிகர் கொன்ட்ரோலர்கள். கடைசியாகவே புதிய புளூடூத்டியை, பின்னணிக்குச் செல்லாத நிலையிலும் வழுநீக்கச் செய்திகளோடும், ஒரு முனையத்தில் தொடங்குங்கள். பிடிமொன்னைப் பிந்தித் தொடங்கினால் சிப்பைத் தயார்செய்யும் முதற் கட்டளைகள் பதிவில் இராது. பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, டெஸ்ட்ரன்னர் என்ற கருவி. அது நீங்கள் கொடுக்கும் கேர்னலை கீமு என்ற மெய்நிகர் இயந்திரத்தில் பூட் செய்து, அதனுள் எம்ஜிஎம்டி (கேர்னலின் புளூடூத் மேலாண்மை இடைமுகம்), எல்2கேப், ஆர்எஃப்கொம், எஸ்சிஓ, எஸ்எம்பி ஆகியவற்றுக்கான சோதனைத் தொகுதிகளை ஓட்டும். முடிவில் தேறியவை, தவறியவை, ஓடாதவை என்று மூன்று தொகைகள் வரும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. இந்தத் தொகுதிகள் முதன்மையாகக் கேர்னல் பாதியையே சோதிக்கின்றன. புளூடூத்டி அவற்றில் ஓடுவதே இல்லை. எல்லாம் பச்சையாக வந்தாலும் உங்கள் பயனர் வெளித் திருத்தம் சரியென்று அதற்குப் பொருளில்லை. அதற்கு மேக் செக்கும், இரண்டு மெய்நிகர் கொன்ட்ரோலர்களுடன் புளூடூத்டிக்குக் கட்டளையிடும் புளூடூத்சிடிஎல் கருவியால் கையாலே செய்யும் சோதனையுமே சான்று. மற்றொன்று, திருத்தாத கேர்னலில் இத்தொகுதிகளை ஓட்டி முடிவைச் சேமிக்காமல் விடுவது. கேர்னல் அமைப்பில் ஒரு தெரிவு இல்லாவிட்டாலும் சில சோதனைகள் தவறும். முன்னைய முடிவு இல்லாதவர், தன் மாற்றத்தால் வந்த தவறையும் முன்பே இருந்த தவறையும் பிரித்தறிய வழியில்லை.

மெய்நிகர் கொன்ட்ரோலருக்கும் எல்லை உண்டு. அதில் குறுக்கீடு இல்லை, தூரம் இல்லை, வலுச் சேமிப்பு இல்லை, ஃபேர்ம்வெயாரின் விசித்திரங்கள் இல்லை. அது தேறினால் உங்கள் தர்க்கம் சரி, அவ்வளவே.

6. டொங்கிளோடு ஒருமுறை

அதே மடிக்கணினியில் டொங்கிளைச் செருகி, விசைப்பலகையையும் உணரியையும் இணைத்துப் பாருங்கள். உண்மையான வானலைக்கு முதன்முதலாக வருகிறோம். ஆனால் கைபேசியின் சிக்கல்கள் எதுவும் இன்னும் கலக்கவில்லை.

பஸார்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டொங்கிள்களில் சிஎஸ்ஆர் சிப்பின் போலிகள் பல. லினக்ஸ் கேர்னல் அவற்றை அடையாளம் கண்டு, போலிக்கான மாற்று ஏற்பாடுகளைச் செய்வதாகத் தன் பதிவில் எழுதும். அந்த வரியைக் கண்டால் அந்த டொங்கிளில் தோன்றும் வினோதங்களுக்கு உங்கள் அடுக்கைக் குற்றஞ்சாட்ட வேண்டாம்.

7. கைபேசிக்காகக் கட்டி ஏற்றுதல்

இந்தப் படிக்கு வரும்போது கைபேசியின் பூட்லோடர் திறக்கப்பட்டு, அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் நிறுவப்பட்டிருக்க வேண்டும். மடிக்கணினியில் கட்டிய நிரலை அப்படியே கைபேசிக்கு நகலெடுத்தால் ஓடாது. செயலியின் வகை வேறு என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்த காரணம்: போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அல்பைன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, அதன் சி நூலகம் மசல், உபுண்டுவிலுள்ள ஜீலிப்சி அல்ல. இதனால் ஏஆர்எம் செயலிக்கென்றே கட்டிய நிரலும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற செய்தியைத் தரலாம், கோப்பு கண்முன்னே இருந்தாலும். அங்கே இல்லாதது நிரல் அல்ல, அதை ஏற்றும் ஜீலிப்சி ஏற்றியே.

ஆகவே போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பிஎம்பூட்ஸ்ட்ராப் கருவியின் வழியாகவே கட்டுங்கள். அல்பைனின் புளூஸீ பொதி வரையறையை உங்கள் பக்கத்துக்கு நகலெடுத்து, உள்ளூர் மூலநிரல் கோப்பகத்தைச் சுட்டிக் கட்டச் சொன்னால், அது பதிப்பு எண்ணின் பின்னே நேரத்தைச் சேர்த்துப் பொதியாக்கும். அதனால் கைபேசி அதைப் புதிய பதிப்பாக ஏற்றுக்கொள்ளும். யூஎஸ்பி வயரின் வழியாக 172.16.42.1 என்ற முகவரியில் கைபேசிக்குள் நுழையலாம்; புளூடூத்தோ வைஃபையோ செத்துப்போனாலும் இந்தப் பாதை இருக்கும்.

ஏற்றுமுன் மூன்றைச் சேமியுங்கள்: முன்னைய புளூஸீ பொதி, முன்னைய பூட் படிமம், சோடி சேர்த்த சாதனங்களின் சாவிகள் உள்ள கோப்பகம். படிமத்தை எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றாலும் வேலை நில்லாதபடி மடிக்கணினியின் பட்டரி நிறைந்திருக்கட்டும்; மாலை மழைக்காலத்தில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

கேர்னலின் அமைப்பையும் இப்போதே சரிபாருங்கள். விசைப்பலகை போன்றவற்றின் உள்ளீட்டைக் கேர்னலுக்குக் கொடுக்கும் யூஎச்ஐடி தெரிவு இல்லாவிட்டால் விசைப்பலகை இணைந்துவிட்டதாகக் காட்டும், எழுத்து ஒன்றும் விழாது. பயனர் வெளிக்கான மறையீட்டு இடைமுகம் இல்லாவிட்டால் ஜீஏடிடி (குறைந்த வலுச் சாதனங்களின் மதிப்புகளைப் படிக்கும், எழுதும் முறை) பகுதியில் சில வேலைகள் மௌனமாகத் தவறும்.

8. சிப்பு விழித்தெழும் ஒழுங்கு

கைபேசியில் புளூடூத் சிப்பு யூஎஸ்பியில் அல்ல, யூஆர்ட் எனப்படும் தொடர் இணைப்பில் உள்ளது. ஆகவே அது தன்னைத் தானே அறிவிக்காது. சாதன மரம் எனப்படும் வன்பொருள் விவரக் கோப்பில் எழுதப்பட்டிருந்தால்தான் கேர்னல் அதைத் தேடும். 'கொன்ட்ரோலர் இல்லை' என்ற செய்தி வந்ததும் புளூடூத்டியை மீண்டும் மீண்டும் தொடங்குவதில் பயனில்லை. கேர்னல் பதிவைத் திறந்து கீழ்க்காணும் ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, ட்ரைவர் சிப்போடு பேசத் தொடங்கியதா? வழு எண் −110 வந்தால் நேரம் கடந்துவிட்டது, சிப்பு பதில் சொல்லவில்லை. மின்வழங்கலையும் இணைப்பின் வேகத்தையும் சந்தேகியுங்கள். பல சிப்புகள் விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் தொடங்கிப் பின்னரே வேகத்தைக் கூட்டுகின்றன.

இரண்டாவது, ஃபேர்ம்வெயார் கிடைத்ததா? வழு எண் −2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். குவல்கொம் சிப்புக்கு இரண்டு கோப்புகள் வேண்டும்: திருத்தநிரல் ஒன்று, அமைப்புத் தரவு ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு.

மூன்றாவது, முகவரி. மடிக்கணினிச் சிப்புகளில் முகவரி உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கைபேசிகளில் அது பெரும்பாலும் சேமிப்பகத்தின் வேறொரு பிரிவில் இருக்கும், அன்ட்ரொய்ட் அதை எடுத்துச் சிப்புக்குக் கொடுக்கும். அன்ட்ரொய்ட் போனதும் அந்த வேலை உங்களுடையது. முகவரி இல்லாத சிப்பைக் கேர்னல் 'அமைக்கப்படாத கொன்ட்ரோலர்' என்று ஒதுக்கி வைக்கும். புளூடூத்சிடிஎல் அதைக் காட்டாது, பிடிஎம்ஜிஎம்டி என்ற கருவி காட்டும். அக்கருவியாலேயே பொது முகவரியைக் கொடுக்கலாம். சாதன மரத்தில் எழுதுவதென்றால் பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாக எழுத வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஒரே படிமத்தை இரண்டு கைபேசிகளில் ஏற்றி இரண்டுக்கும் ஒரே முகவரி அமைந்துவிட்டால், எதிர்த்தரப்புச் சாதனங்கள் குழம்பி நடந்துகொள்ளும்; வகுப்பறையில் இது எளிதில் நேரும்.

நான்காவது, ஆர்எஃப்கில் எனப்படும் வானலைத் தடை. பறக்கும் நிலை இயக்கப்பட்டிருந்தால் முந்திய மூன்றும் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது.

9. செயல்களைச் சோதிக்கும் ஒழுங்கு

எளியதிலிருந்து கடினத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் நிற்கிறது.

முதலில் தேடல். சுற்றியுள்ள சாதனங்கள் தெரிந்தால் வானலையும் எச்சிஐ பாதையும் சரி. அடுத்து உணரியோடு இணைந்து ஒரு மதிப்பைப் படித்தல். இப்படிப் படிப்பதற்கான ஏடிடி நெறிமுறையின் இயல்பான பொதி அளவு 23 பைட்; புளூஸீ 517 வரை கேட்கும். நீண்ட மதிப்பு பாதியில் வெட்டுப்பட்டால் இந்தப் பேரம் எப்படி முடிந்தது என்று பிடிமொன் பதிவில் பாருங்கள்.

அதன்பின் சோடி சேர்த்தல். புளூடூத்சிடிஎல் கருவியில் முகவரை (சோடி சேர்க்கும்போது எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியை) பதிவுசெய்து, அதையே இயல்பு முகவராக்க வேண்டும்; இல்லாவிட்டால் எண்ணை உறுதிப்படுத்த யாருமில்லாமல் சோடி சேர்த்தல் மறுக்கப்படும். இன்னொரு பொறி: எதிர்த்தரப்புச் சாதனம் பழைய அடுக்கின் சாவியை இன்னும் வைத்திருக்கும். இரு பக்கமும் மறக்கச் செய்தே தொடங்குங்கள். பதிவில் தோன்றும் பதினாறடிமான வழு எண்களில் 06 சாவி இல்லை என்பதையும், 05 உறுதிப்படுத்தல் தவறியதையும் சொல்கின்றன. 13 எதிர்த்தரப்பு தானாகத் துண்டித்தது. 08 நேரம் கடந்து இணைப்பு அறுந்தது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் பதிவு வாசிப்பது வெகு விரைவாகும்.

ஒலியே பலரை நிறுத்திவைக்கும் இடம். இசைக்கான ஏ2டிபியில் புளூஸீ ஒலியைத் தானே கையாளுவதில்லை. இணைப்பை அமைத்து அதன் வாயிலைப் பைப்வெயார் என்ற ஒலிச் சேவையிடம் கையளிக்கிறது. பைப்வெயாரின் புளூடூத் செருகல் நிறுவப்படாதபோது, ஒலிபெருக்கி இணைந்த மறுகணமே துண்டிக்கப்படும் அல்லது புரொஃபைல் கிடைக்கவில்லை என்று வரும். முதலில் கட்டாய முறையான எஸ்பிசியில் மட்டும் சோதித்து, பின்னரே பிற ஒலிக் குறிமுறைகளுக்குச் செல்லுங்கள்.

அழைப்பின் குரல் வேறு கதை. குரலுக்கு எஸ்சிஓ இணைப்பு அமைந்துவிட்டதாகப் பதிவு சொல்லும், காதில் ஒன்றும் கேட்காது. பல கைபேசிகளில் குரல் எச்சிஐ வழியாகவே வருவதில்லை. சிப்பிலிருந்து ஒலிச் செயலிக்கு நேரடியாகச் செல்லும் வன்பொருள் தடம் ஒன்றில் போகிறது. அந்தத் தடத்தைத் திறப்பது கேர்னலின் ஒலி ட்ரைவரின் வேலை. பிடிமொன் பதிவில் எஸ்சிஓ தரவுப் பொதிகள் வருகின்றனவா என்று பாருங்கள். இணைப்பு இருந்தும் பொதிகள் இல்லையென்றால் உங்கள் புளூடூத் அடுக்கில் தேடுவதை நிறுத்தி ஒலித் தடத்தைப் பாருங்கள். குரலை முதலில் 8 கிலோஹேர்ட்ஸ் சிவிஎஸ்டி முறையிலும், அது கேட்ட பின்னர் 16 கிலோஹேர்ட்ஸ் எம்எஸ்பிசி முறையிலும் சோதியுங்கள்.

10. நெரிசலான வானலையிலும் அமைதியான வானலையிலும்

ஒரே சோதனையை இரண்டு இடங்களில் செய்யுங்கள். கல்லடிக் கடற்கரையில் ஆளில்லாத நேரம் வானலை ஓரளவு அமைதி. கல்முனை பஸாரில் கடைக்கொரு வைஃபை. கிளாசிக் புளூடூத் (இசைக்கும் அழைப்புக்குமான வழமையான முறை) 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 79 தடங்களில் தாவுகிறது. நெரிசலான தடங்களைத் தவிர்த்துக் குறைந்தது 20 தடங்களிலாவது தாவ வேண்டும். குறைந்த வலு முறையில் முதன்மை விளம்பரத் தடங்கள் மூன்றே: 2402, 2426, 2480 மெகாஹேர்ட்ஸ். வைஃபையின் 1, 6, 11 ஆம் தடங்களின் நெஞ்சுப் பகுதியைத் தவிர்க்கும்படி இவை அமைந்துள்ளன.

கைபேசியில் வைஃபையும் புளூடூத்தும் வானலைப் பாகங்களைப் பகிர்ந்துகொள்வது வழமை. ஆகவே 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் பெரிய கோப்பொன்றை இறக்கிக்கொண்டே பாட்டைக் கேளுங்கள். அப்போது மட்டும் ஒலி விக்கினால், சிக்கல் உங்கள் நிரலில் அல்ல, இரண்டும் நேரத்தைப் பங்கிடும் விதத்தில் இருக்கலாம். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிப் பார்த்தால் தெளியும். கைபேசியைப் பின்பொக்கெட்டில் வைத்து உடலை இடையே வைத்தும் சோதியுங்கள்.

தூரம் சென்று சோதிக்கும்போது, கிளாசிக் இணைப்பு அறுந்ததை அடுக்கு அறிவிக்க வழமையாக 20 விநாடி வரை எடுக்கும். அதை உறைவு என்று எழுதி அனுப்பாதீர்கள்.

11. உறக்கமும் நீண்ட ஓட்டமும்

திரை அணைந்து கைபேசி உறங்கிய பின் விசைப்பலகையின் ஒரு விசை அதை எழுப்புகிறதா, எழுந்தபின் ஒலிபெருக்கி தானாக இணைகிறதா என்று பாருங்கள். பிறகு இரவு முழுவதும் இணைப்போடு விட்டு, காலையில் கேர்னல் பதிவில் −110 வழு தோன்றியுள்ளதா எனத் தேடுங்கள். உறக்கத்திலிருந்து சிப்பு எழாததன் அடையாளம் பெரும்பாலும் அதுவே.

எந்தச் சோதனை தவறினாலும் புளூடூத்டியின் பதிப்பு எண், கேர்னல் பதிப்பு, தொடக்கத்திலிருந்தே எடுத்த பிடிமொன் பதிவு, அதே நேரத்துக் கேர்னல் பதிவு, மூன்றாம் படியில் எடுத்த பழைய அடுக்கின் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பகத்தில் வையுங்கள். பின்னர் முன்னைய பொதியை மீள நிறுவி, அதே சோதனையை அதே இடத்தில் மறுபடி செய்யுங்கள். பழைய பொதியிலும் தவறினால் ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டியதில்லை. எட்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.